பன்னிரண்டாவது கிட்டி

1. பதினொன்று

காலை ஆறே காலுக்குக் கிட்டிகளை எண்ணினேன். பதினொன்று இருந்தது. சாக்கை விரித்து வரிசையாக வைத்து மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

கிட்டி என்றால் இரும்பு வில் வைத்த எலிப்பொறி. எலியின் கால் பட்டதும் இரண்டு பல்லும் சேர்ந்து கவ்விக்கொள்ளும். நான் எண்ணிக்கொண்டிருந்த இடம், நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேப்பர் குடோன் வாசல். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சீசன் உச்சம். ஏழரை மணிக்கு ஆட்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள்.

குடோனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து செலுத்தும் அறைகள் தனித்தனியாக நிற்கின்றன. மருந்து என்றால் வெடிமருந்து. அந்த வேலிக்குள் ஒரு இரும்பு ஆணிகூடப் போகக் கூடாது. இரும்பு சிமிண்டில் உரசித் தீப்பொறி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் நகர சுகாதாரப் பிரிவில் எலி, கொசு, கரப்பான் ஆய்வுக் குழுவுக்கு மேற்பார்வையாளர். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

2. யார் வீட்டு எலி

அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு எலிக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அது எங்கள் எல்லையே இல்லை. எங்கள் அதிகாரி போன் செய்தார்.

"அந்தப் பஞ்சாயத்துல எலி பிடிக்க ஆள் இல்லையாம்மா. ரெண்டு நாள் போய்ப் பிடிச்சுக் குடுத்துட்டு வாங்க."

"சார், கூண்டெல்லாம் கதவு உடைஞ்சு கிடக்கு. மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன்."

"இருக்கிறத வச்சுச் சமாளிங்க. முக்கியமான விஷயம், போட்டோ எடுத்து அப்பப்ப குரூப்புல போட்டுருங்க."

இருந்தது பழைய இரும்புக் கிட்டி மட்டும்தான். அதை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு நானும் ராசுவும் போனோம். ராசு எங்கள் குழுவின் ஒப்பந்தப் பணியாளர். எலி வளையை மோந்து பார்த்தே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். வாயும் அதற்குத் தக்க நீளம்.

கேட்டிலேயே என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டு போகக் கூடாது. அதிகாரி போட்டோ கேட்கிறார் என்று சொன்னதற்கு வாட்ச்மேன், "அவுகளையும் வரச் சொல்லுங்க, அவுக போனையும் வாங்கி வச்சுக்கிடுதோம்" என்றார். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். 'என்ன பொருள்' என்ற கட்டத்தில் 'எலிக்கிட்டி' என்று எழுதினேன். எத்தனை என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்மேன் கணபதி அண்ணாச்சி வந்தார். அறுபது வயதிருக்கும். செருப்பில்லாத கால். அந்த வளாகத்தில் எங்கே எது நடந்தாலும் அவர்தான் பொறுப்பு.

"குடோன்ல எலி எம்புட்டு இருக்கும் அண்ணாச்சி?"

"எங்க கம்பெனில எலியே கிடையாதும்மா. அம்புட்டும் பக்கத்துக் காட்டுல இருந்து வர்றது."

எங்கே ஆய்வுக்குப் போனாலும் இதே பதில்தான். பருப்பு மில்லில் கேட்டால் எண்ணெய் செக்கில் இருந்து வருகிறது என்பார்கள். செக்கில் கேட்டால் பருப்பு மில். இத்தனை வருடத்தில் 'இது எங்கள் எலி' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

குடோனுக்குள் போய்ப் பார்த்தால் பட்டாசுக் குழாய் சுற்றும் பேப்பர் அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஓரத்தில் மைதாப் பசை வாளி மூடாமல் இருக்கிறது. சுற்றிலும் பெருச்சாளிப் புழுக்கை. ஒவ்வொன்றும் பேரிச்சங்கொட்டை மாதிரி.

அண்ணாச்சி சாக்கைத் திறந்து கிட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இரும்பால்ல இருக்கு."

"குடோனுக்குள்ள மட்டும்தான் வைப்போம் அண்ணாச்சி. வேலிப் பக்கம் வராது."

"மருந்து கிடையாது இங்கன, அதனால விடுதேன். கட்டித்தான வைப்பீக?"

"கட்டித்தான் வைப்போம்."

பெருச்சாளி சின்ன எலி மாதிரி கிட்டியில் செத்துப்போகாது. காலை மட்டும் கொடுத்துவிட்டுக் கிட்டியோடு இழுத்துக்கொண்டு ஓடும். அதனால் ஒவ்வொரு கிட்டியையும் சணல் கயிற்றால் தூணிலோ பலகையிலோ கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்ததே இதுதான்.

சாயங்காலம் நான் கருவாட்டை நறுக்கிக் கொடுத்தேன், ராசு கிட்டிகளை வைத்தார். கட்டினாரா என்று நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கவில்லை. அவர் என்னைவிட அனுபவம் உள்ளவர். சந்தேகப்பட்டுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வாரே என்று கூச்சம். என் தப்பு அங்கே ஆரம்பித்தது.

3. ஆறு கருவாடு

மறுநாள் காலை பதினொரு கிட்டியில் நான்கு பெருச்சாளி சிக்கியிருந்தது. நல்ல வேட்டை. ராசு சந்தோஷமாக இருந்தார்.

"ராசு, நேத்து எத்தனை வச்சோம்?"

"பத்துப் பதினொண்ணு இருக்கும் யக்கா."

"பன்னெண்டுல்ல?"

"அதான் சொல்லுதேன், பத்துப் பன்னெண்டு."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. ஆபீஸில் இருந்து எடுக்கும்போது நான் எண்ணவில்லை. நோட்டிலும் இல்லை. போட்டோவும் இல்லை. உலகத்தில் எந்தக் காகிதத்திலும் அந்த எண்ணிக்கை இல்லை.

கருவாடு ஞாபகத்துக்கு வந்தது. முதல் நாள் ஆறு நெத்திலிக் கருவாடு வாங்கினேன், பெரிய நெத்திலி. ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கினேன். பன்னிரண்டு துண்டு. வைத்து முடித்ததும் பொட்டலக் காகிதத்தை உதறிப் பார்த்தேன், வாசனை மட்டும்தான் இருந்தது. அப்படியென்றால் பன்னிரண்டு கிட்டி.

ராசுவிடம் சொன்னேன். அவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பின்வாசல் கிட்ட ஒண்ணு வச்சேன் யக்கா."

"அது எங்க?"

"காணோம்."

"கட்டுனீகளா?"

"சணல் தீந்து போச்சு. ஒண்ணுதானேன்னு சும்மா வச்சுட்டேன்."

பின்வாசலுக்குப் போனோம். கதவுக்கடியில் மூன்று விரல் இடைவெளி. வெளியே புழுதியில் குச்சியால் கோடு போட்ட மாதிரி ஒரு தடம். அது நெளிந்து நெளிந்து வேலிக்கடியில் போய் அந்தப் பக்கம் மறைந்தது.

"யக்கா, கேளுங்க" என்றார் ராசு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நோட்டுல நம்பர் எழுதல. நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எங்கயாச்சும் வளைக்குள்ள போய்ச் செத்துக் கிடக்கும். இப்பச் சொன்னீகன்னா கம்பெனி நிக்கும். எனக்கு வேலை போயிரும். உங்களுக்கும் மெமோ வரும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். நேரம் ஆறே முக்கால். தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழரைக்கு அந்த அறைகளில் ஆள் உட்கார்ந்து மருந்து செலுத்த ஆரம்பிப்பார்கள். உள்ளே எங்கேயோ ஒரு பெருச்சாளி காலில் இரும்போடு அலைந்துகொண்டிருக்கிறது.

"வாங்க, அண்ணாச்சிகிட்டப் போவோம்" என்றேன்.

4. கேட்

ஏழு மணிக்கே பெண்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். எம். புதுப்பட்டி பக்கமிருந்து வேன் வந்து இறக்கிவிட்டிருந்தது. கேட்டில் தூக்குவாளியோடு ஐம்பது அறுபது பேர். அண்ணாச்சி அவர்களைத் தாண்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கிட்டி காணோம்."

கூட்டத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கையைக் காட்டி இரு என்றார். இரண்டாவது தடவையும் சொன்னேன். "அந்தா வாரேம்மா" என்றார், திரும்பாமலே. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார்.

நான் போய் கேட்டில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"யாரும் உள்ள போகக் கூடாது" என்று கத்தினேன். "இரும்புக் கிட்டி ஒண்ணு வேலிக்குள்ள போயிருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வந்தார்.

"கட்டித்தான் வைப்போம்னு சொன்னீக."

"சொன்னேன். ஒண்ணு கட்டாம விட்டுப்போச்சு. நான் சரி பார்க்கல."

ராசுவின் பெயரைச் சொல்லவில்லை. ராசு என் பக்கத்தில்தான் நின்றார். ஒரு எட்டு முன்னால் வந்தார். பிறகு, "நான்தான் கட்டல அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டில் வைத்திருந்த தன் போனை எடுத்து மொதலாளியிடம், "இன்னைக்கு ஆள உள்ள விடல மொதலாளி. ஆமா. நான் சொல்லுதேன், விடல" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

திட்டும் வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் என்று ஒருவர், மூக்குத்தியும் உயரமுமாக முன்னால் நின்றவர், என்னிடம் நேராக வந்தார்.

"எலி பிடிக்க வந்தீகளா, எலிக்குக் கொலுசு மாட்டிவிட வந்தீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"சீசன்ல ஒரு நாள் போனா எங்களுக்கு யாரு தருவா? எங்க வீட்டு அடுப்புல உங்க பெருச்சாளியவா போட்டு வேக வைக்க?"

காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி அவருடைய தங்கை என்று பிறகுதான் தெரிந்தது.

5. ஈரச் சாக்கு

அண்ணாச்சி, ராசு, நான், மூன்று பேர் மட்டும் வேலிக்குள் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். என் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தையும் வாங்கி வைத்தார்.

தடம் முதல் அறையைச் சுற்றிப் போயிருந்தது. அதற்கப்புறம் சிமிண்டுத் தரை, தடம் தெரியவில்லை. ராசு குனிந்து மூக்கை வைத்து நடந்தார். ஆறு அறை தாண்டி ஏழாவது அறைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார்.

எனக்கும் கேட்டது. கரகர என்று ஒரு சத்தம். விட்டு விட்டு வந்தது.

ஏழாவது அறையின் வாசலில் இருந்து நாலெட்டு தூரத்தில் மழைத் தண்ணீர் போகும் சின்ன வாய்க்கால். அதன் குழாய்க்குள் பெருச்சாளி நுழையப் பார்த்திருக்கிறது. உடம்பு போய்விட்டது, கிட்டி குழாய் வாயில் மாட்டிக்கொண்டது. அது இழுக்கிற இழுப்புக்கெல்லாம் இரும்பு சிமிண்டில் உரசியது. அறையின் கதவு வாசலில் நேற்றைய வேலையில் சிந்திய மருந்து சாம்பல் நிறத்தில் லேசாகப் படிந்திருந்தது.

ராசு கிட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாத ஏலே" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

ஒவ்வொரு அறைக்குப் பக்கத்திலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும். வாளியில் மொண்டு முதலில் வாசல் படியில் ஊற்றினார். அப்புறம் தரையில். அப்புறம் வாய்க்காலில், கிட்டி முங்கும் வரை. சாக்கை நனைத்துக் கொண்டுவரச் சொன்னார். நான் நனைத்துக் கொடுத்தேன். அதைக் கிட்டியின் மேல் போர்த்தி, ஈரத்தோடு சேர்த்துப் பிடித்து, பெருச்சாளியையும் கிட்டியையும் ஒரே மூட்டையாக வெளியே எடுத்தார். மூட்டைக்குள் அது சீறியது. தரையில் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நடந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

வெளியே வந்து மூட்டையை இறக்கிவிட்டுப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கை கொஞ்ச நேரம் விரியவில்லை.

"இந்தக் கையில முப்பது வருஷம் மருந்து கலக்கியிருக்கேன்" என்றார். "இன்னைக்குத்தான் நடுங்குது."

6. எண்ணிக்கை

அறைகளின் வாசலை எல்லாம் கழுவிக் காயவிட்டு, பதினோரு மணிக்கு மேல்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். அதற்கு முன் அண்ணாச்சி என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். சாக்கை அங்கே கொட்டச் சொன்னார்.

"எண்ணுங்க."

குனிந்து மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"எனக்குக் கேக்கல. இவுக எல்லாருக்கும் கேக்கணும்."

ஒன்று என்றேன். பின்னால் யாரோ "சத்தமா" என்றார்கள். இரண்டு, மூன்று என்று குரலை உயர்த்தினேன். ஐந்தாவதில் பேச்சியம்மாள் கூடச் சேர்ந்து எண்ணினார். கிண்டலுக்குத்தான். எட்டாவதில் பாதிப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஈரமாக இருந்த கடைசிக் கிட்டியை எடுத்து வைத்தபோது எல்லாரும் ஒன்றாகப் "பன்னெண்டு" என்றார்கள். அதற்கப்புறம் அண்ணாச்சி கேட்டைத் திறந்தார்.

பேச்சியம்மாள் என்னைத் தாண்டிப் போகும்போது, "நாளைக்கும் வாங்க. எலி பாக்கி இருக்கு" என்றார். இந்த முறை கிண்டலா என்று தெரியவில்லை.

போனை வாங்கியபோது அதிகாரியிடமிருந்து ஒன்பது அழைப்பு. குரூப்பில் 'போட்டோ எங்கே' என்று மூன்று தடவை கேட்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மெமோ வந்தது. நான் பார்க்காதது என் தவறு என்று நாலு வரியில் பதில் எழுதினேன். ராசு தப்பை அங்கேயே ஒத்துக்கொண்டதையும், கூண்டு கேட்டு மூன்று முறை எழுதியதையும் அதே பதிலில் எழுதினேன். ராசுவை ஒரு மாதம் வேறு குழுவுக்கு மாற்றிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மனுவுக்கு வராத கூண்டு ஒரு மெமோவுக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கொண்டு போனதை வாசலில் எண்ணுங்கள், எழுதுங்கள், திரும்பும்போதும் எண்ணுங்கள். கூட வேலை பார்ப்பவர் எவ்வளவு பெரிய அனுபவசாலியாக இருந்தாலும் கயிற்றை இழுத்துப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ராசு இப்போது இரண்டு பந்து சணல் கொண்டுவருகிறார். நான் இழுத்துப் பார்க்கும்போது வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

குறைந்தால், யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லிக் கேட்கவில்லை என்றால் கேட்டில் முதுகை வைத்து நில்லுங்கள்.

எனக்கு இன்னும் நாலு பேர் முன்னால் பேச வராது. பன்னிரண்டு வரை மட்டும் சத்தமாகச் சொல்ல வரும்.