கையாலதானே சாப்பிடுறோம்

விளம்பரத் தொழிலில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். "மனுசனோட பலவீனத்தத் தொட்டா சிரிப்பான், சிரிச்சா வாங்குவான்" என்று எங்கள் முதலாளி சொல்லும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். யாருடைய பலவீனம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அண்ணன் பினாங்கில், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சர்க்கரை நோயாளி. வீட்டில் அண்ணிக்கு எதிரில் சீனி போடாத தேநீர். வேலை முடிந்ததும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் பின்சந்தில் காரை நிறுத்திவிட்டு, சோற்றில் எல்லாக் குழம்பையும் 'பஞ்சிர்' என்று வெள்ளமாக ஊற்றச் சொல்லி ஒரு பிடி பிடிப்பார். பிறகு வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப்போய், தனக்கு வேண்டாம் என்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். நானும் சில நாள் அந்தக் காரில் பக்கத்தில் இருந்து தின்றவன்தான்.

போன வருடம் அவருடைய இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் அழுதுகொண்டு நின்றேன்.

"ஏன்டா அழுவுற? போனது கால் விரலு லா. நாசி கண்டார கையாலதானே சாப்பிடுறோம்."

அழுகையோடு சிரித்துவிட்டேன். சொல்லும்போது அவர் உதடு நடுங்கியதையும் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காப்புறுதி நிறுவனம், ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும் தன் மருத்துவ அட்டைக்கு விளம்பரம் கேட்டு எங்களிடம் வந்தது. நோயை வைத்தே சிரிக்க வைக்க வேண்டுமாம், ஊரே பேச வேண்டுமாம். எல்லாரும் திருதிருவென்று விழித்தபோது, அண்ணன் சொன்னதை நான் எடுத்துவிட்டேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த நிறுவனத்து மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமா நடந்ததா அண்ணே?" என்றார்.

"சும்மா கற்பனை" என்றேன். அந்தப் பொய்க்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலில் கட்டோடு ஒரு தொப்பைக்காரன், பின்சந்தில் நிற்கும் கார், குழம்பில் மிதக்கும் சோறு, கடைசியில் அந்த வசனம். ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. விளம்பரம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. முதலாளி கேக் வெட்டினார். வெட்கமில்லாமல் நானும் தின்றேன்.

ஒரு நாள் அண்ணி ஃபோன் செய்தார்.

"தம்பி, ஒங்க அண்ணன் மூனு வாரமா கட்டு மாத்தப் போறதில்ல. கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு. கால்ல வாடை வருது."

சுங்கை பினாங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"கிளினிக்ல எல்லாரும் ஃபோன்ல அதத்தான் பாக்குறாங்க. பக்கத்துல இருந்தவரு என் காலப் பாத்துட்டு, அந்த வசனத்த எனக்கே சொல்றாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் போவப் பிடிக்கல." கைலியை இழுத்துக் கட்டை மறைத்தார். "பயத்துல சொன்னதுடா அது."

அவ்வளவுதான். என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாம். விடாததற்கு அவர் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போய், விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கத்தினேன். அது யார் சொன்ன வார்த்தை என்பதையும் சொன்னேன்.

"ஐயோ பாவம்" என்றார். "ஆனா நல்லா ஓடுது லா, இப்பப் போயி நிறுத்துறதா? ஒங்க அண்ணன் வேற ஏதாச்சும் சொல்லியிருக்காரா?"

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தேன். நேராகப் போய் அண்ணனைக் காரில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. பாதத்தைக் காப்பாற்ற இன்னும் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் முகத்தில் அந்தப் பழைய குறும்பு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லுடா."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே டாக்டரும் நர்ஸும் சிரிப்பது கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.