மாமாவின் பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன செபம்

சின்ன வயதிலேயே எனக்குத் தொண்டை பெரிது. பள்ளிமுனைக் கரையில் நின்று கூப்பிட்டால் தோணியில் இருக்கிற, என்னைப் பெற்ற ஐயா திரும்பிப் பார்ப்பார். அந்தத் தொண்டையால் ஒரு பள்ளிக்கூடத்தையே காப்பாற்றினேன் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். ஆங்கிலிக்கன் மிஷனுக்கு மன்னார்ப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடம், முருங்கன் காட்டுப் பக்கம் ஒன்று. மூன்றாவதை எங்கள் ஊரில் ஒரு கொட்டிலில் திறந்தார்கள். உத்தியோகத்துக்காக அந்தச் சபையில் சேர்ந்த என் மாமாதான் வாத்தியார். ஊரோ முழுக்கக் கத்தோலிக்கம். எங்கள் சுவாமியார் அதைப் 'பதிதர் பள்ளிக்கூடம்', வேதத்தை விட்டு விலகினவர்களின் பள்ளிக்கூடம், என்பார். பிறகு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அக்காள் மகள் என்று நான் ஒருத்தி, இன்னும் இரண்டு மூன்று பேர். எனக்கு அந்த இடம் உயிர். பெண்பிள்ளைக்கும் இங்கிலீசு சொல்லிக் கொடுத்தது அங்கே மட்டும்தான்.

பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் நிறையாவிட்டால் மூடிவிடுவோம் என்று வெள்ளைக்காரப் போதகர் சொல்லியனுப்பினார். அவர் பார்க்க வந்த அன்று, நல்லகாலம், சுவாமியார் மடுக் கோயிலுக்குப் போயிருந்தார். மாமா விடுவாரா! வாழைப்பழம் தருவதாகச் சொல்லி வீடு வீடாகப் பிள்ளைகளை இரவல் வாங்கி வந்தார்.

"சிலுவை போடப்படாது. கர்த்தர் செபம் முடிய எங்கடை சபையார் இன்னொரு வரி சேர்த்துச் சொல்லுவினம். அதை விட்டியளோ, நான் துலைஞ்சன்."

"பயப்பிடாதேங்கோ மாமா, நான் முன்னுக்குச் சொல்லுறன்" என்றேன்.

சொன்னேன். சிலுவை போடவில்லை, அந்த வரியையும் விடவில்லை. ஆனால் செபமாலை சொல்லி வளர்ந்த வாய் அதோடு நிற்குமா? பின்னாலேயே, மாமாவின் சபையில் சொல்லவே சொல்லாத மாதா செபம் வந்துவிட்டது. நான் தொடங்க, வாங்கெல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. செபமாலையில் வருகிறபடி பத்துத் தரமும் சொல்லி முடித்துத்தான் நிறுத்தினோம். மாமா சுவரோடு சாய்ந்துவிட்டார். தமிழ் தெரிந்த போதகர் கடைசிவரை கண்ணை மூடி நின்று, "ஆமென்" என்றார். என் தலையைத் தடவி, நல்ல குரல் என்றும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. அடுத்த கிழமை புது வாத்தியார் வந்தார். மாமாவை முருங்கனுக்கு மாற்றினார்கள். வண்டியில் ஏறும்போது, "உன்ரை தொண்டையாலைதான் பிள்ளை பள்ளிக்கூடம் தப்பினது. விடாமல் படி" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னால்தான் மாமாவுக்கு உயர்வு கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மலேரியாவுக்குப் பயந்து முருங்கனுக்கு ஒரு வாத்தியாரும் போகச் சம்மதிப்பதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். "வாயை மூடடி!" என்று கத்திவிட்டு அழுதா. தம்பியின் உயர்வில் வந்த ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். அவ இன்னும் சந்தோஷப்படட்டும் என்று, இங்கிலீசுப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் இருந்து உரக்க வாசித்தேன்.