ஆரத்தித் தண்ணீரில் நாலு கோடு

காரைத் தொடுவதற்கு முன்னால் மெக்கானிக் திருமலை ஒரு குடம் தண்ணீரோடு ரோட்டுக்கு வந்துவிடுவார். வந்த ஆசாமி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூஞ்ச இன்னாத்துக்குக் காட்டுற? மூடு, மூடு. முதுவக் காட்டு!" என்பார். குடத்துத் தண்ணீரைக் காய்ந்த தாரில் குறுக்கே கொட்டி, "நேரா ஓட்டிக்கினு போ. ஸ்டீரிங்க ஆட்டாத" என்று அனுப்பிவிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் குந்திவிடுவார். ஈரச் சக்கரங்கள் விட்டுப்போன கோடுகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். முன்சக்கரத்தின் கோட்டின் மேலேயே பின்சக்கரமும் போயிருந்தால் சரி. விலகிப் போயிருந்தால் பின் அச்சு கோணல். "நண்டுப்பா இது! மூஞ்சி மெட்ராசுக்குப் போவுது, பின்னாடி சூளூர்ப்பேட்டைக்குப் போவுது!"

நண்டு அவருக்குத் தெரியாதா? பழவேற்காட்டு ஆள். அப்பா ஏரியில் வலை போட்டவர். இவருக்குப் படகில் ஏறினாலே குமட்டும். அதனால்தான் கவரைப்பேட்டையில் ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. ஊரிலிருந்து கொண்டு வந்தது வலை நூல்கண்டு ஒன்றுதான். அதைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்குப் போடுவார்.

வாய் மட்டும் கொஞ்சநஞ்சமல்ல. "திருமலை கை பட்ட வண்டி திரும்பி வந்துச்சின்னா கடைய இழுத்து மூடிட்டுப் போயினே இருப்பேன்!" பக்கத்து டீக்கடை செல்லியம்மாள் இதைக் கேட்காத நாளில்லை. "பெருமை பீத்தினது போதும், டீ ஆறுது குடி" என்பாள்.

அந்தச் செல்லியம்மாளின் ஒரே மகள் சந்திரகலாவுக்குப் போன ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மணவாள நகர். பெண்ணும் மாப்பிள்ளையும் போக, டாக்ஸிக்கார அப்பாவுவின் லேண்ட்மாஸ்டர் கார். ஐம்பத்தைந்தாம் வருஷத்து வண்டி. கல்யாணத்துக்கு முன் வாரம்தான் திருமலை அதற்குப் பின்பக்கத்து ஸ்பிரிங்கை, அவர் பாஷையில் பட்டை வில்லை, மாற்றிக் கொடுத்திருந்தார். நானும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் திருமலையைப் பார்க்கவே சிரிப்பாக வந்தது.

செல்லியம்மாள் ஆரத்தி சுற்றினாள். பெண் மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்தாள். சிவப்புத் தண்ணீரைக் காருக்கு முன்னால் அகலமாகக் கொட்டினாள். வண்டி அதன்மேல் ஏறி நகர்ந்தது. எல்லோரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்து! நிறுத்துடா டேய்!"

திருமலை ஓடிப்போய்க் காருக்கு முன்னால் தடாலென்று விழுந்துவிட்டார். அப்பாவு போட்ட பிரேக்கில் கார் ஒருபக்கமாக வாலைத் திருப்பிக்கொண்டு நின்றது. புதுப்பெண் கிளம்புகிற நேரத்தில் வழி மறிப்பதா! யார் செய்வார்கள்?

"பாவி! என் பொண்ணு பொறப்படசொல்லோ மறிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?" செல்லியம்மாள் ஆரத்தித் தட்டாலேயே அவர் முதுகில் ஓங்கிப் போட்டாள்.

அவர் எழுந்து ரோட்டைக் காட்டினார். இரண்டு சிவப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு.

வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் புகுந்தவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கையில் ஒரு நட்டு. ஸ்பானர் இல்லை, ஒன்றுமில்லை, விரலாலேயே கழற்றி எடுத்திருக்கிறார். அடக் கடவுளே, அச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நட்டு!

"அச்சு மேல ஒரு குழி இருக்குது. பட்டை வில்லு போல்ட்டோட தலை அதுல உக்காரணும். உக்காரல. மேலயே ஏத்தி முறுக்கிட்டேன். ரெண்டு மைலு போயிருந்தா அச்சு தனியா, வண்டி தனியா. என் கைதான். வேற யாரும் இல்ல."

"தண்ணி ஊத்திப் பாக்கலியா?" என்றேன்.

"அன்னிக்கி மழ சார். ரோடே ஈரம். கோடு எங்க தெரியும்? என் வேலதானேன்னு உட்டுட்டேன்."

அப்பாவு அதைவிடப் பெரிய குண்டாகப் போட்டார். "மூணு நாளா ஒருபக்கம் இழுத்துக்கினுதாம்பா இருந்துச்சி. நீ செஞ்சதாச்சே, ரோடுதான் கோணன்னு நெனச்சேன்."

அடுத்த நடையில் அந்தக் காரில் போக எனக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கடைய மூடுறேன்னியே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். திருமலை தலையைக் குனிந்தபடி ஜாக்கியை எடுக்கப் போனார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராகுகாலம் வந்தது, போனது. நூலைப் பிடித்து, அச்சை நகர்த்தி, போல்ட்டைக் குழியில் உட்காரவைத்து முறுக்கி முடித்தபோது வெள்ளைச் சட்டை அடுப்புத் துணியாகியிருந்தது. அதுவரை செல்லியம்மாள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. உள்ளே போய் மறுபடி சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்து எடுத்து வந்தாள். சுற்றினாள், கொட்டினாள்.

கார் கிளம்பியது. சந்திரகலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யம்மா!" என்று கையாட்டினாள். நாங்களெல்லாம் கையாட்டினோம். திருமலை மட்டும் ரோட்டில் குந்தியிருந்தார்.

செல்லியம்மாள் மகளைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு திருமலை பக்கத்தில் வந்து குந்தினாள். தலையைச் சாய்த்து, ஒரு கோடு, இன்னொரு கோடு என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். மூன்றாவது இல்லை.