பூதத்துக்குப் பல் எடுத்த கதை

ஃபிளக்ஸ் பேனர் தொழிலில் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கண் திருஷ்டி மூன்றுக்கும் ஒரே மெஷின்தான்; கடை வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேற பூதம்

தொண்டூர் ஏழுமலை செஞ்சியில் என் கடைக்கு வந்தான். மனைவி வளர்மதியின் நகையை விற்று வாங்கிய மனையில் மாடி வீடு கட்டுகிறான். வளர்மதியை மட்டும் மேல்சித்தாமூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு வேறொருத்திக்குத் தாலி கட்டப் போகிறானாம். அதற்கும் பேனர் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வியாபாரமாயிற்றே.

திருஷ்டிக்கு, ஊரெல்லாம் தொங்கும் மீசை பூதம் வேண்டாமாம். நெட்டில் தேடியதில், ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த பழைய படம் ஒன்று கிடைத்தது. கொம்பு, கோரைப்பல், விரித்த கூந்தல். பிறவிப் பேய் இல்லையாம்; ஆண்பிள்ளை கைவிட்டதில் ஆற்றாமையால் பேயாகிப்போன பெண்ணாம். படித்துக் காட்டினேன். "கதை இன்னாத்துக்குண்ணா? பல்லு பெருசா தெரியுது இல்ல, அத அடி" என்றான்.

பூ

சில நாளில் அவன் வீட்டு மேஸ்திரி வந்தார். வாசலுக்கு மேலே படத்தைக் கட்டியதிலிருந்து கொத்தனார்கள் மாடி ஏறவே தயங்குகிறார்களாம். சித்தாள் பெண்களோ அதன் அடியிலேயே பிள்ளைகளைத் தூங்கப் போடுகிறார்களாம். ஒரு பிள்ளையும் அழுவதில்லையாம். "ஆம்பளைங்களுக்குத்தான் பயமா இருக்குது. பொம்பளைங்க தெனம் அதுக்குப் பூ வெச்சிட்டுத்தான் கல்லு தூக்குறாங்க" என்றார்.

வாயை மூடியதும்

மறுவாரம் ஏழுமலையே வந்தான். வீடு பார்க்க வந்த புதுப்பெண் வீட்டார் படத்தைக் கண்டு மிரண்டுவிட்டார்களாம். கொம்பையும் பல்லையும் எடுத்துவிட்டு சாந்தமாக ஒன்று வேண்டுமாம். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்தேன். கொம்பு போனது. கோரைப்பல் போனது. வாயை மூடினேன்.

கண்ணில் நான் கைவைக்கவே இல்லை. பல் இருந்தவரை முறைத்த கண், இப்போது அழுதுகொண்டிருந்தது. அழுது முகம் வீங்கிய ஒரு பெண் திரையிலிருந்து அவனையே பார்த்தாள். அவனுக்கும் வளர்மதிக்கும் கல்யாண பேனர் அடித்தவன் நான். எனக்கே ஆள் யாரென்று தெரிந்தது. ஏழுமலை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"பல்லத் திரும்ப வெச்சிடுண்ணா. அந்தப் புதுக் கல்யாண பேனரு... வாணாம்" என்றான்.

பல்லைக் காட்டும் பேயை வாசலில் மாட்டிக்கொண்டு குடித்தனம் நடத்திவிடலாம், அழுகிற பெண்டாட்டியை மாட்டினால்தான் முடியாது.