பதினைந்தாம் எண்

கோபம் வந்தால் நான் கை நீட்டுவேன் என்பது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்தில் கோப்புக் கட்டை விட்டெறிந்திருக்கிறேன். கதவுக் கண்ணாடியைக் குத்தி உடைத்திருக்கிறேன். பேராசிரியர் என்பதால் அதையெல்லாம் கண்டிப்பு என்றார்கள். ஒரு நாள் நடந்ததை மட்டும் போன மாதம் வரை நான் உள்ளபடி யாரிடமும் சொல்லவில்லை.

செல்லின் சவ்வைக் கணினியில் கட்டி, அது அசைவதைப் பார்ப்பது எங்கள் வேலை. கொழுப்பு மூலக்கூறுகளை இரண்டு அடுக்காக நிறுத்தி, மேலும் கீழும் தண்ணீர் நிரப்புவோம். எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது, எதில் எவ்வளவு மின்னூட்டம் என்று சொல்லும் கோப்புக்கு டோபாலஜி என்று பெயர். எங்கள் கொழுப்புகளில் சிலவற்றுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சரிக்கட்ட, கொஞ்சம் தண்ணீர் மூலக்கூறுகளை எடுத்துவிட்டு அந்த இடங்களில் சோடியம் அயனிகளை வைக்க வேண்டும். எதை எடுக்கட்டும் என்று மென்பொருள் ஒரு பட்டியலைக் காட்டி எண் கேட்கும். எங்கள் பட்டியலில் தண்ணீர் எப்போதும் பதினைந்து.

இதைச் செய்து கொடுத்தவர் ஜீவனஹள்ளிக்காரர், ஒப்பந்த ஊழியர், என்னைவிட நான்கு வயது இளையவர். பதினைந்து என்று தானாகவே பதில் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். அந்த வாரம் அவருடைய ஒப்பந்தப் புதுப்பிப்பு என் கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழி இல்லை.

அன்று காலை மாதிரியில் கொலஸ்ட்ராலைச் சேர்த்தேன், டோபாலஜியிலும் எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல ஸ்கிரிப்டை ஓட்டினார். மூன்று மணிக்கு வெளியூர் விருந்தினர் முன்னால் திரையைப் போட்டபோது சவ்வு கிழிந்து கிடந்தது. கொழுப்புகளின் வால்கள் நாலா பக்கமும் பிய்த்து எறியப்பட்டிருந்தன. தண்ணீரில் இருக்க வேண்டிய சோடியம் கொழுப்புக்கு நடுவே இருந்தது.

"என்ன குரு, போண்டா மாதிரி வெடிச்சிருக்கு!" என்றார் பக்கத்துத் துறைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நேராகக் கணினி அறைக்குப் போனேன். ஸ்கிரிப்ட் எழுதியவர் எழுந்து நின்றார்.

"இத்தனை வருஷமா என்னடா கிழிச்ச? தண்ணி எது கொழுப்பு எதுன்னு தெரியாதா உனக்கு?"

"சார், ஒரு நிமிஷம், நான் எதையும் மாத்தல. அந்த லிஸ்ட்ல..."

காதோடு சேர்த்து அறைந்தேன். இரும்பு ரேக்கில் தலை மோதிச் சரிந்தார். நெற்றி பிளந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி, அதே காதில் மறுபடியும் அறைந்தேன். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தேன். அவர் கையை ஓங்கவே இல்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மின்விசிறிகளின் இரைச்சலில் அது எனக்குக் கேட்கவில்லை. கேட்க நான் முயலவும் இல்லை. காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் காலருக்குள் போனது. அதைப் பார்த்த பிறகும் ஒரு முறை உதைத்தேன்.

சாயங்காலம் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் சேர்த்த கொலஸ்ட்ரால் பதினைந்தில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பதினாறுக்கு இறங்கியிருந்தது. ஸ்கிரிப்ட் சொன்ன பதினைந்தாம் எண்ணின்படியே மென்பொருள் கொலஸ்ட்ராலை எடுத்துவிட்டு அயனிகளை வைத்திருக்கிறது. தப்பு என்னுடையது.

மறுநாள் இயக்குநர் என்னை மட்டும் கூப்பிட்டுக் கேட்டார். கவனக்குறைவான ஆள், கேட்டதற்கு என்மேல் பாய்ந்தான், தள்ளிவிட்டேன் என்றேன். புதுப்பிப்புத் தாளில் 'தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தலையில் கட்டோடு வந்து தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

போன மாதம் ஜீவனஹள்ளிக்குப் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்றே பல வருடங்கள் ஆகிவிட்ட எனக்கு, நடக்க இப்போது கோல் வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"அந்தக் காது போயிடுச்சு சார். இந்தப் பக்கம் வாங்க."

நாற்காலியை மாற்றிப் போட்டு மறுபடியும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது கஷ்டமாக இருந்தது.

"தெரியும் சார். லிஸ்ட்ல ஒரு நம்பர் எறங்கியிருந்துச்சு. நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சார்" என்றார். "நீங்க அடிச்சிட்டே இருந்தீங்க."