மைதானத்தில் ஊதிய சங்கு

கடல் கடந்து வந்து லோகன் நகரத்தில் இருபத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டும் பெலெனாட்டோவுக்கு சொந்த ஊரை நினைத்து ஏங்கும் ஊர்ப்பேச்சு என்றாலே எரிச்சல். சமோவாத் தீவுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டுக் கடலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பெலெனாட்டோ உடனே எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்குவார்.

போன ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்து நடந்த சாப்பாட்டில் அவருடைய மைத்துனன் சனேலே ஆரம்பித்தான்.

“இதெல்லாம் ஒரு சேப்பங்கிழங்கா மாமா? ஊர்ல தின்னோமே, அது கிழங்கு.”

“நீ எங்கடா தின்ன? தட்டைத் தள்ளிட்டு டின் மீன் வேணும்னு அழுவ. உங்கக்காவையே கேளு.”

“எனக்கு ரெண்டு பேரு கதையும் தெரியும்,” என்றாள் அவர் மனைவி லாங்கி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

ஊர்ப்பேச்சு மேல் அவருக்கு இருந்த எரிச்சல் பொய்யில்லை. அவருக்கு இந்த இடம் பிடித்திருந்தது. குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. விடிகாலையில் வண்டியை எடுக்கும்போது சாலை முழுவதும் அவருடையது. பின்வாசலில் அவரே நட்ட எலுமிச்சை காய்த்துக் குலுங்கியது.

இந்த நேரத்தில்தான் தம்பி இயோசுவா ஊரிலிருந்து கூப்பிட்டான். அப்பாவின் பழைய வீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உனக்கும் அண்ணிக்கும் ஒரு அறை சேத்துப் போடட்டுமா? திங்கக்கிழமை மரம் வருது. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடு. கூரை போட்டப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “சொல்றேன்” என்று வந்தது. அது அந்த வாரம் முழுவதும் அவரை உறுத்தியது. அறை என்று ஒன்று இருந்தால், தானும் பெருமூச்சு விடுகிற கூட்டத்தில் சேர்ந்ததாகிவிடாதா? அப்பா இறந்தபோது போய் அடக்கம் செய்துவிட்டு, ஆறாம் நாள் திரும்பி வந்து, மறுநாளே வண்டி எடுத்தவர் அவர். எட்டு வருடமாக அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

“வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க,” என்றாள் லாங்கி. “பாவம், அவன் காத்துட்டிருப்பான்.”

சனிக்கிழமை சனேலேயின் மகளுக்கு ரக்பி ஆட்டம். முடிந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பெலெனாட்டோ மைதானத்தின் குறுக்கே நடந்தார். ஜெயித்தவர்கள் பக்கத்திலிருந்து யாரோ சங்கை எடுத்து நீளமாக ஊதினார்கள்.

அவர் நாற்காலிகளைக் கீழே போட்டார். ஈரப்புல்லில் கால்களை மடக்கி உட்கார்ந்து தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஊரில் அந்திப் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதினால் தெருவில் யாரும் நடக்கக் கூடாது. வெளியே மாட்டிக்கொண்டவன் கடைசிச் சங்கு வரை இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒருமுறை அவர் ஓடப் பார்த்துப் பிடிபட்டதால் அப்பா ஊர்ச்சபைக்கு ஒரு பன்றியை அபராதமாகக் கொடுத்தார். இப்போது அவர் எதையும் யோசிக்கவில்லை. முழங்கால்கள் தாமாகவே மடங்கிவிட்டன.

கால்சட்டையில் ஈரம் ஏறியது. அப்போது அவர் காதுக்குள் அப்பாவின் செருமல் கேட்டது. பிரார்த்தனையைத் தொடங்குமுன், இன்னும் வீடு வந்து சேராத பிள்ளைக்காகச் சற்றுத் தாமதித்து, அப்பா தொண்டையைச் செருமுவார். ஊர்ப்பேச்சு பேசுகிற யாரும் அதைச் சொன்னதில்லை. அவர்களுக்குத் தெரியாது. அது தன்னிடம் இருப்பது அவருக்குமே இதுவரை தெரியாது.

கண்ணைத் திறந்தார். நாலு கஜம் தள்ளி சனேலே உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய ரொட்டி. மெல்லவில்லை.

“நீ ஏன்டா உக்காந்த?”

“நீங்க உக்காந்தீங்க. எதுக்கு வம்புன்னு நானும்.”

“பொய் சொல்லாத.”

“சரி, பொய்தான். எழுந்திருக்கலாமா மாமா? இன்னொரு சங்கு ஊதணுமே.”

“இங்க எவன் ஊதப்போறான். எந்திரி.”

ஆனாலும் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். நடுவர் வந்து அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். முட்டிவலி என்றான் சனேலே.

வீட்டுக்கு வந்து, நனைந்த கால்சட்டையைக்கூட மாற்றாமல் தம்பியைக் கூப்பிட்டார்.

“அறை போடு. சின்னதாப் போதும், ஒரு மாசம் வந்து தங்கிட்டுப் போற மாதிரி. வெந்நீர்க் குழாய் வேணும்.”

“இந்த வெயில்ல வெந்நீரா?” இயோசுவா சிரித்தான். “ஒரேயடியா வந்துடேண்ணே.”

“நான் திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும்டா.” சற்று நிறுத்தினார். “கூடத்தை ஒட்டிப் போடு. பிரார்த்தனை காதுல விழணும்.”

லாங்கி துவாலையை நீட்டினாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நாற்காலி ரெண்டும் எங்க?”