சாய்ந்த தையல்

என் கைவேலைக்கு எது தூண்டுதல் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன், மண்ணில் கிண்ணம் செய்கிறேன், செம்பைத் தட்டித் தோடு செய்கிறேன். பிடித்தால் வாங்கிப் போக வேண்டியதுதானே? இல்லை. எங்கள் ஈப்போ நகரில் இப்போது பொருளோடு ஒரு சோகக்கதையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கதை இல்லாத கிண்ணத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன வருடம், பழைய கடைவீடு ஒன்றில் கோப்பிக்கடை நடத்தும் இளைஞர் ஒருவர் என் பொருள்களைத் தன் கடை மாடியில் கண்காட்சியாக வைக்கக் கூப்பிட்டார். நல்ல சுவரின் சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதைப் பழமை என்று சொல்லும் ஆள். அவருக்கு என் வேலையில் பிடித்தது சாய்கோடுதான். என் போர்வையில் தையல் எல்லாம் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். கிண்ணத்தில் கீறுவதும் அப்படித்தான், தோட்டில் தட்டுவதும் அப்படித்தான். "இது மழைதானே அக்கா? ஒடுக்கப்பட்டவங்க கண்ணீர்தானே?" என்று உருகினார். மழையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அது என் அப்பாவின் கைப்பழக்கம்.

அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மரத்தில் கத்தி எப்படிச் சரியுமோ அப்படியே துணியில் அவர் ஊசியும் சரியும். நேராகத் தைக்க அவருக்கு வரவே வராது, அவரிடம் தைக்கக் கற்ற எனக்கும்தான். அம்மாவும் பால் வெட்டியவர்தான், ஆனால் ஊசியைக் கண்டாலே ஆகாது. ஒரு பொத்தான் அறுந்தால்கூட அப்பாவிடம் தூக்கிப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் அப்பா லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, மாவுச் சாக்கையும் எங்கள் பழைய பள்ளிச் சீருடைகளையும் வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார். யாராவது கதவைத் தட்டினால் போர்வை அம்மா மடிக்குப் போய்விடும். அம்மா ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் அதையும் நம்பினார்கள். பெண்பிள்ளை மடியில் துணி இருந்தால் அதற்கு மேல் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. தைப்பது ஆண்பிள்ளை என்று தெரிந்தால் தோட்டமே சிரித்திருக்கும். அப்பா அதற்கு ரொம்பவே பயந்தார்.

இதைத்தான் கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்பா தைச்சாருன்னா யாரு அக்கா நம்புவாங்க? அம்மான்னு போடுங்க லா. அம்மான்னாதான் ஆளுங்க அழுவாங்க."

போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்காட்சி கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்து, 'பால் வெட்டிக் காய்த்துப்போன என் அம்மாவின் விரல்கள் வறுமையை அன்பாகத் தைத்தன' என்று எழுதிக் கொடுத்தேன். கதை விடுகிறவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசும் நான், அவர்களைவிட நன்றாகவே விட்டிருந்தேன். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

திறப்பு அன்று அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். நான் வரச் சொல்லவில்லை. அந்தத் தம்பிதான் என்னைக் கேட்காமல் போன் போட்டு அழைத்திருந்தார். சுவரில் இருக்கும் அம்மாவை நேரிலும் காட்ட வேண்டுமாம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "என்னாது இது? நான் எப்ப தைச்சேன்?" என்றார், மாடி முழுக்கக் கேட்கும்படி.

அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "விடு லா. நல்லாத்தானே எழுதியிருக்கு." பிறகு போர்வையின் அருகில் போய் ஓரத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "ரொம்ப இழுத்துத் தைச்சிருக்கே. தொவச்சா சுருங்கிடும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அத்தனை பேர் வந்த இடத்தில் வேலையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குள் கேமராவோடு ஒரு பெண் வந்தாள். கோலாலம்பூர்க்காரி, கழுத்தில் மாட்டுக்குக் கட்டுகிற அளவுக்கு ஒரு மணிமாலை. அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைங்கதானே ஆன்ட்டி? கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க," என்றாள். கண் வேறு கலங்கியிருந்தது.

அம்மா கைகளை உருவிக்கொண்டார். அப்பாவைக் காட்டி, "என் கைய விடும்மா. அந்தக் காலத்துல வீட்டுல தைச்சது இவருதான்," என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். குட்டையான மனிதர், சட்டையை உள்ளே விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆன்ட்டி நல்லா ஜோக் அடிக்கிறாங்க!" கடைக்காரரும் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொன்னால் போதும், ஒரே ஒரு வார்த்தை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் மானம் போகக்கூடாது என்று அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன்.